கொங்கில் கடல் இல்லை, ஆனால் பாறைக்கரை உண்டு: மேட்டூர் தண்ணீரில் ஒரு பகல்

கேள்வி – பிப்ரவரி 16, 2025

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் திருப்பூர், அவிநாசிப் பக்கம். பாறைக் கரையோரமாக நண்பர்கள் கூட்டமாகப் பாய்மரப் படகில் போகும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. நமக்கோ கடல் கிடையாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினால் உட்கார்ந்து பழகுவதற்குள் இறக்கிவிடுகிறார்கள். கொங்குச் சீமைக்குள் ஒரு பகல் முழுக்கத் தண்ணீரிலேயே போகிற மாதிரி இடம் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 16, இரவு

இருக்கிறது. மேட்டூர் அணைக்குப் பின்பக்கம்.

அணைக்குப் போகிறவர்கள் பதினாறு கண் மதகைப் பார்த்து, பூங்காவில் உட்கார்ந்து, மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுவருக்குப் பின்னால் 59.25 சதுர மைல் தண்ணீர் விரிந்து கிடக்கிறது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவில் காவிரியை மறித்து 1934-ல் தேக்கிய தண்ணீர். மேற்குக் கரையில் கொளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள்: பண்ணவாடி, கோட்டையூர், காவேரிபுரம், கோவிந்தபாடி, அப்புறம் எல்லையில் அடிப்பாலாறு. எதிர்க்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரை, ஒட்டனூர். இரண்டு பக்கமும் பாறையும் முள்காடும் மலையடிவாரமும்தான்.

பாய்மரம் கிடையாது. பரிசல் உண்டு, மோட்டார் படகு உண்டு. நான் பவானிப் பக்கத்து ஆள். நண்பர்களோடு அந்தக் கரையோரம் போய் வந்திருக்கிறேன். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 17

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது டிக்கெட் வாங்கி ஏறுகிற சுற்றுலா இடம் இல்லை. பண்ணவாடியில் இருந்து நாகமரைக்கும், கோட்டையூரில் இருந்து ஒட்டனூருக்கும் அக்கரை போகிற படகு நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், ஒறம்பரைக்கு (சொந்தக்காரர் வீட்டுக்கு) போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். பைக்கையும் ஏற்றிக்கொள்ளலாம். மேட்டூர், மேச்சேரி, பென்னாகரம் என்று சுற்றிப் போனால் ஒரு பொழுது ஓடிவிடும் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் பஸ். வெளியூர்க்காரரும் ஏறலாம்.

ஒரு பகல் முழுக்கக் கரையோரமாகப் போக வேண்டும் என்றால், மீன்துறை உரிமம் வைத்து அந்தத் தண்ணீரில் வலை விடுகிற ஆள் துணை வேண்டும். எங்களுக்கு அமைந்தவர் கூட்டாளி ஒருவனின் மாமனார். அறுபதைத் தாண்டியவர், பரிசலிலேயே வளர்ந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, மாலை

"அணையில் தண்ணீர் எப்போதும் இருக்குமே, எந்த மாதம் போனால் என்ன" என்று கோபி நண்பர் கேட்டிருக்கிறார்.

இந்த விஷயத்தில் மாதத்தைவிட நீர்மட்டம்தான் முக்கியம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடிக்கும் கீழே கிடந்தது. அதே மாதம் 30-ம் தேதி 120 அடி. ஒரு மாதத்துக்குள் எண்பது அடி ஏறிய தண்ணீர் அது. ஜூலை முதல் வாரத்தில் நீங்கள் கால் வைத்து நின்ற கரை, மாதக் கடைசியில் எங்கோ தண்ணீருக்கு அடியில். கடற்கரையில் பாறை நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்கும். மேட்டூரில் கரையே இடம் பெயர்கிறது. ஒரே இடத்துக்குக் கோடையில் போனால் ஒரு பயணம், தை மாதம் போனால் முற்றிலும் வேறு பயணம்.

நாங்கள் இரண்டையும் பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு எழுதத் தோன்றுகிறது.

பிப்ரவரி 19

கோடைப் பயணம். 2024 மே மாதம், நீர்மட்டம் ஐம்பதை ஒட்டி இருந்த சமயம்.

பண்ணவாடித் துறை என்று போய் நின்றால் துறையைக் காணோம். தண்ணீர் வெகு தூரத்துக்கு உள்வாங்கிப் போயிருந்தது. வெடித்த வண்டல் மண்ணில் நடக்க வேண்டும். வழியெல்லாம் வெள்ளாமை. தண்ணீர் இறங்க இறங்க அந்த ஈரத்திலேயே சோளமும் கடலையும் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் அறுத்துவிட்டால் ஆதாயம், ஏறிவிட்டால் விதைச் செலவும் போச்சு. ஒரு அம்மா களை வெட்டிக்கொண்டே, "கர்நாடகத்துல மழையான்னு ரேடியோவுல கேட்டுக்கிட்டே இருப்போமுங்க" என்றார். நம்மில் பலர் அங்கே மழை பெய்யாதா என்று காத்திருப்போம். அவருக்கு இன்னும் இருபது நாள் பெய்யாமல் இருக்க வேண்டும்.

வற்றிய தண்ணீருக்கு வெளியே நந்தி முழுசாக உட்கார்ந்திருந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயத்தின் கோபுரம். அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் மிச்சம் இவை. தண்ணீர் இறங்கும்போது முதலில் தேவாலயக் கோபுரத்தின் உச்சி தெரியும், அப்புறம்தான் நந்தியின் தலை. நந்தியின் முன்னால் யாரோ பூ வைத்து, சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். சாம்பல் இன்னும் இருந்தது.

மாமாவின் பாட்டி முழுகிய ஊர் ஒன்றில் பிறந்தவராம். அந்த ஊர் எந்த இடம் என்று மாமா கை காட்டினார். நாங்கள் பார்த்தது வெறும் வண்டல். அவர் மட்டும் அந்தத் திசையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்தார்: இங்கே வண்டித்தடம் போனது, அங்கே கிணறு, அந்தப் பாறையடியில் பட்டி. பாட்டி சொல்லக் கேட்டதையும் வற்றிய கோடைகளில் தானே நடந்து பார்த்ததையும் சேர்த்து ஒரு ஊரையே மனதில் வைத்திருக்கிறார்.

அன்றைக்குப் பரிசலில் போனது கொஞ்ச தூரம்தான். தண்ணீர் ஆற்றளவுக்குச் சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைகள், அவற்றின் மேல் வரிவரியாகத் தண்ணீர் நின்ற தடம். அண்ணாந்து பார்த்தால் நம் தலைக்கு மேலே, வீட்டுக் கூரைகளுக்கும் மேலே, உச்சி வரி தெரிகிறது. தண்ணீர் அதுவரைக்கும் நிற்கும் என்பது புத்திக்குப் புரிகிறது, உடம்பு நம்ப மறுக்கிறது.

பிப்ரவரி 20

"நீர்மட்டம் 120 அடி என்றால் நடு ஏரியில் எங்கே போட்டாலும் 120 அடி ஆழம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 120 என்பது அணையில் உள்ள அளவுகோலின் கணக்கு. முழுதாக நிரம்பும்போது நீரின் மேல்பரப்பு கடல் மட்டத்தில் இருந்து 790 அடி உயரத்தில் நிற்கும். நீங்கள் இருக்கிற இடத்தில் ஆழம் எவ்வளவு என்பது அடியில் இருப்பது பழைய ஆற்றுப் பள்ளமா, யாரோ ஒருவரின் வெள்ளாமைக் காடா, பாறை மேடா என்பதைப் பொறுத்தது. இருபது அடி தள்ளினால் ஆழம் மாறிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி.தான் இருக்கும். அதாவது மேலே உள்ள கடைசி இருபது அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி. அடங்குகிறது. மேலே போகப் போகத் தண்ணீர் உயர்வதைவிட அகலமாகப் பரவுகிறது. அதனால் நூறைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு அடிக்கும் கரை வெகு தூரம் நகர்கிறது. காட்டுக்குள், வேலிக்குள், முள்ளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். பரிசல் ஓட்டுகிறவருக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

பிப்ரவரி 23

சரி, இப்போது தை மாதப் பயணம். போன மாதம்தான் போனோம். நீர்மட்டம் 110-க்கு மேல். பொங்கல் கழிந்த ஒரு வாரநாள்.

விடியும் முன்னே துறைக்கு வரச் சொல்லியிருந்தார் மாமா. "வெய்யில் ஏறங்காட்டி பாதிப் பாறையத் தாண்டிரோணும், காத்து எந்திரிச்சா பரிசல் நம்ம பேச்சக் கேக்காதுங்க மாப்ள." பனி மூட்டமாக இருந்தது. பாலமலையின் அடிவாரம் மட்டும் தெரிந்தது, மேல் பாதி இல்லை. ஒரு பரிசலில் மாமாவோடு நாங்கள் மூன்று பேர். இன்னொன்றில் அவருடைய பையனோடு மற்ற இருவர், சோற்றுப் பானை, தண்ணீர்க் குடம்.

பரிசலில் ஏறுவதற்கே ஒரு முறை உண்டு. ஒருத்தர் பின் ஒருத்தராக, நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எதிரெதிராக எடை சரிபார்த்து உட்கார வைத்தார். கொஞ்சம் கனமான நண்பன் ஏறியதும், "மாப்ள நீங்க ரெண்டு பேருக்குச் சமம், எதுத்தாப்ல ரெண்டு பேரு குந்துங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவர் முன்னால் குத்த வைத்து, துடுப்பைத் தண்ணீரில் விட்டுத் தன் பக்கமாக இழுக்கிறார். ஒரு இழுப்பு இடம், ஒரு இழுப்பு வலம். வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது, விட்டால் சுற்றத்தான் பார்க்கும். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டால் சுற்றும், முன்னால் போட்டு இழுத்தால் நேராக வரும். கூட்டாளி ஒருவன் துடுப்பைக் கேட்டு வாங்கினான். சுற்றிய சுற்றில் பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் கரை என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கோடையில் தலைக்கு மேலே பார்த்த பாறை வரிகள் இப்போது இடுப்பளவில், கை நீட்டித் தொடுகிற தூரத்தில். பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற இடங்களில் பரிசலை ஒட்டியே விட்டார். பாறைக்கும் பரிசலுக்கும் இடையில் தண்ணீர் சப்சப்பென்று அடித்துக்கொண்டே வந்தது. பாறை வெடிப்பில் நின்றிருந்த ஆலங்கன்றின் வேர்கள் தண்ணீரில் தொங்கின. நீர்க்காகங்கள் சிறகை விரித்துப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் நீர்நாய்க் கூட்டம், தலையை மட்டும் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுச் சீறிக்கொண்டு முழுகின. வலையை அறுத்து மீனைத் தின்றுவிடும் என்று மாமாவுக்கு அவற்றின் மேல் கோபம். ஆனாலும் பரிசலை நிறுத்தி, அவை போகிற வரைக்கும் காத்திருந்தார்.

எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. வெறும் தண்ணீர்வெளி, ஒன்றுமே தெரியவில்லை. மாமா திடீரென்று இடப்பக்கம் வளைத்து, பெரிய அரைவட்டம் போட்டு ஒதுங்கிப் போனார். ஏன் என்று கேட்டோம். துடுப்பைத் திருப்பிப் பிடித்துக் கீழே விட்டுக் காட்டினார். முழங்கை ஆழத்தில் டொக்கென்று பாறை. கோடையில் நாங்கள் ஏறி நின்று போட்டோ எடுத்த அதே பாறை. பாலமலையின் ஒரு முகட்டையும் கரையில் இருந்த ஒற்றைப் புளியமரத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் பாறை எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு முழுகிய பாறைக்கும் இப்படி இரண்டு அடையாளம் வைத்திருக்கிறார். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆகவே நண்பருக்கு என் பதிலின் சாரம் இதுதான்: தண்ணீர் நிரம்பியிருக்கும்போது போங்கள், ஆனால் அது வற்றியிருந்தபோது நடந்து பார்த்தவரோடு போங்கள். நல்ல நீச்சல்காரர், நல்ல துடுப்புக்காரர் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். வற்றிய தரையைப் பார்க்காதவருக்கு அந்தத் தண்ணீரின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

பிப்ரவரி 24

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: களி. ராகிக் களியும், பாறை மேலேயே அடுப்புக் கூட்டி வைத்த மீன் குழம்பும். காலையில் வலையில் எடுத்த ஜிலேபி மீன். மிளகாயை அங்கேயே கல்லில் நசுக்கினார்கள். கட்டுச்சோறாக நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றை மாமாவின் பையன் ஒருத்தனே தீர்த்துவிட்டான்.

மார்ச் 2

பாய் கட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டவர் இரண்டு பேர். பார்த்தோம்.

திரும்பி வரும்போது காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு நண்பன் எட்டு முழ வேட்டியை அவிழ்த்து (உள்ளே டவுசர் இருந்தது) இரண்டு மூங்கில் கழியில் கட்டினான். உட்கார்ந்தபடியே ஆளுக்கு ஒரு கழியைப் பிடித்துக்கொண்டோம். வேட்டி காற்றை வாங்கிப் புடைத்ததும் பரிசல் நகர்ந்தது. நல்ல வேகம். மாமாவுக்கே சந்தோஷம், துடுப்பைத் திசை பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டார். துறை சற்று வலப்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தோம், அங்கேதான் கதை முடிந்தது. வேட்டியை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் பரிசல் காற்று போகிற திசைக்கே போனது.

காரணம் பரிசலின் அடிப்பாகம். பாய்மரப் படகு காற்றுக்குக் குறுக்கேயும், ஓரளவு காற்றை எதிர்த்துச் சாய்வாகவும் போக முடிவது பாயினால் மட்டும் இல்லை. படகின் அடியில் நீளவாக்கில் ஒரு பலகையோ தகடோ தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நகரவிடாது. பக்கவாட்டில் போக வழியில்லாமல் படகு முன்னால் நழுவும். நம் பரிசல் தட்டையான வட்டம், கணுக்கால் ஆழத் தண்ணீரிலேயே மிதக்கும். பாறை நடுவே புகுந்து போக அதுதான் வசதி. ஆனால் தண்ணீரைப் பிடிக்க அதற்கு அடியில் எதுவும் இல்லை. ஆகவே பரிசலில் பாய் என்றால் காற்று போகிற ஊருக்கு மட்டும்தான் போகலாம்.

மார்ச் 3

பல்லடத்து நண்பர் எழுதியதைப் படித்தேன். "கேத்தனூரில் ஊரைச் சுற்றிக் காற்றாலையைச் சுழற்றுகிற காற்று மேட்டூருக்கும் வருமே, அதில் ஆனி ஆடியில் பாய் கட்டினால் பறக்கலாமே" என்கிறார்.

உங்கள் ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழி வருவது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துப் புகுந்து, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று ஒரே சீராக அடிக்கிறது. காற்றாலைக்கு வேண்டியது அந்தச் சீர்தான். மேட்டூரில் அந்தச் சீர் கிடையாது. மேற்கே பாலமலையும் அதற்குப் பின்னால் மலைத்தொடரும் நிற்கின்றன. காற்று மலையைத் தாண்டி இறங்கி, ஒரு நேரம் அறைகிறது, ஒரு நேரம் நின்றேவிடுகிறது. மலை மறைவில் அசைவில்லாமல் கிடக்கும் தண்ணீர், முகட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அலையடிக்கும். ஆடியில் மத்தியானத்துக்கு மேல் வலைக்காரர்களே நடுத்தண்ணீருக்குப் போக யோசிப்பார்கள். அந்த மாதத்தில் பாய் கட்டும் யோசனை வேண்டாங்க.

மார்ச் 9

பரிசல் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார், மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். மூங்கிலைப் பிளந்து தப்பை எடுத்து, தரையில் பரப்பிக் கூடை மாதிரி பின்னுவார்கள். விளிம்பை மேலே வளைத்துத் தடித்த மூங்கிலால் வட்டம் கட்டி இறுக்குவார்கள். முன்காலத்தில் அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் அதன்மேல் தாரும். எட்டடி அகலப் பரிசலை ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை மேல் நடந்து போவதை ஒகேனக்கல்லில் பார்த்திருப்பீர்கள். ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது, ஓட்டை விழாது. ஆனால் மூங்கில் பரிசல் பாறையில் இடித்தால் வளைந்து கொடுக்கும் என்று மாமா அதைத்தான் வைத்திருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

ஒகேனக்கல் என்றதும் ஞாபகம் வந்தது, அந்தப் பாறைகளையும் ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்லலாம். அங்கே கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை உண்டு, வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டு.

மார்ச் 15

உயிர்க்கவசம் பற்றி ஒருவர், "பரிசல்காரர்கள் யாரும் போடுவதில்லையே, நாம் மட்டும் போட்டால் பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்காதா" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அவர்கள் பிறந்ததில் இருந்து அந்தத் தண்ணீரில் கிடப்பவர்கள். அவர்களுமே போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. மாமாவின் பையனிடம் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லிவிட்டு வருகிறேன். நிரம்பிய நீர்த்தேக்கத்தில் பரிசல் கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் பிரச்சினை உண்டு. அடியில் விடுவலை கிடக்கும், முழுகிய மரத்தின் கிளை கிடக்கும், கரை என்று நினைத்துப் போகிற இடம் முள்வேலியாக இருக்கும். கால் சிக்கினால் நீச்சல் உதவாது. ஐந்து பேருக்கும் ஐந்து கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். பரிசலில் எழுந்து நிற்காதீர்கள், செல்ஃபிக்காகக்கூட. மது கொண்டு போகாதீர்கள்.

அணைச் சுவர்ப் பக்கமும் மதகுப் பக்கமும் போகவே கூடாது, அது தடை செய்த பகுதி. வடக்கே அடிப்பாலாற்றைத் தாண்டியும் போகாதீர்கள். அதற்கு மேல் வலது கரை கர்நாடக வனம். மாநில எல்லை, காட்டு விதி, யானை, முதலை எல்லாம் சேர்ந்த இடம் அது. செல்போனில் சிக்னலும் இருக்காது.

ஏப்ரல் 6

பாலம் பற்றிய பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் நடுவே பாலம் வேண்டும் என்பது இரண்டு கரை ஜனங்களின் பழைய கோரிக்கை. "பாலம் வந்தால் பரிசல் போய்விடும், அந்த அழகு போய்விடும்" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துறையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தபோது, அக்கரையில் இருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் படகில் வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். காற்று அடங்கட்டும் என்று அந்தப் பக்கமே வெகுநேரம் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அவளுடைய முகத்தைப் பார்த்தபின் எனக்கு அழகைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பாலம் வரட்டும். பரிசல் மீனுக்குப் போகும், நம்மைப் போன்றவர்களுக்குப் போகும். அக்கரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அதை நம்பி நிற்க வேண்டிய நிலை போகட்டும்.

துறைக்காரர்களின் பிழைப்பு என்னாகும் என்பது தனிக் கவலை. மாமாவிடம் கேட்டேன். "மீனு இருக்குதுங்க. மத்தவங்களுக்குத்தான் சர்க்காரு ஏதாச்சும் பண்ணோணும்" என்றார்.

ஏப்ரல் 7

காவேரிபுரத்தைப் பற்றி வரலாற்றுக் கேள்வி கேட்டவருக்கு, சுருக்கமாக: மைசூர்ப் போர்க் காலத்தில் கோவைச் சீமையில் இருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய் வழிகளில் காவேரிபுரம் வழியும் ஒன்று. ஹைதர், திப்பு காலத்தில் கோட்டை இருந்த ஊர். கரையோரமாகப் பரிசலில் போகும்போது, அந்த மலை இடுக்கைப் பார்த்தாலே ஏன் இங்கே கோட்டை வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். ஆறும் மலையும் நெருங்குகிற இடம்.

ஜூன் 30

நேற்று, ஜூன் 29, அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. 44-வது முறையாம். டெல்டாவுக்காக ஜூன் 12-ல் திறந்த பிறகும் வரத்து அதைவிட அதிகம். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை.

இழையில் பேசிய நண்பர்கள் இந்த வாரமே கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வெள்ளத்தோடு மரமும் மட்டையும் வருகிறது, தண்ணீர் கலங்கல், மேலே பருவக்காற்று. நிரம்பியிருக்கும்போது போங்கள் என்று நான் எழுதியது நிரம்பி அடங்கிய தண்ணீரைப் பற்றி. நிரம்பிக்கொண்டிருக்கும் தண்ணீர் வேறு. மாமாவுக்குப் போன் போட்டேன். பரிசலை வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துத் தார் பூசிக்கொண்டிருக்கிறாராம். அவரே கரையில் இருக்கிறார் என்றால் அப்புறம் நமக்கு என்ன பேச்சு.

அந்தக் கடலைக் காட்டுக்காரம்மா நினைவும் வந்தது. இந்த முறை தண்ணீர் ஏற்கெனவே உயரத்தில் இருந்ததால் உள்ளே வெள்ளாமை வைக்க இடமே இருந்திருக்காது.

ஜூலை 13

அவிநாசி நண்பர் கேட்ட கடைசிக் கேள்விகளுக்கு:

ஆடிப் பதினெட்டுக்கு வராதீர்கள். இந்த வருஷம் ஆகஸ்ட் 3. காவிரியில் குளிக்கவும் அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிடவும் சேலம், தர்மபுரி, ஈரோட்டுப் பக்கத்து ஜனமெல்லாம் மேட்டூரில்தான் இருக்கும். ஊர்ச் சாமிகளையே தூக்கி வந்து நீராட்டுவார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றால் தனியாக வாருங்கள், பரிசலை மறந்துவிடுங்கள்.

புரட்டாசியில் காற்று குறையும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் சாயங்கால இடிமழை உண்டு. தண்ணீரின் நடுவில் இடி இறங்கினால் ஒதுங்க இடம் கிடையாது. தையும் மாசியும்தான் என் தேர்வு. வழக்கமாக ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் போகும், அதற்குள் வந்தால் மட்டம் நன்றாக இருக்கும்.

வழி: பவானி, அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை, மேட்டூர், அங்கிருந்து கொளத்தூர். நெரிஞ்சிப்பேட்டையில் நேரம் இருந்தால் எதிர்க்கரை பூலாம்பட்டிக்கு விசைப்படகு ஏறிப் பாருங்கள். அங்கே கதவணைத் தண்ணீர் அசையாமல் நிற்கும். நண்பர்களில் யாருக்காவது தண்ணீர்ப் பயம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாமாவிடம் தை மாதத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்து பேரின் எடையும் கேட்டார், எழுதி அனுப்புங்கள்.